சாப்பிடாத இட்லி யார் கணக்கில்? டிவைடிங் மெஸ், கான்ட்ராக்ட் மெஸ், வெளி மெஸ்

ஜூலை கடைசியில் அக்கா மகள் ஒரு படிவத்தைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். பொறியியல் முதலாம் ஆண்டு. விடுதியில் இடம் கிடைத்துவிட்டது. படிவத்தின் அடியில் இரண்டு கட்டங்கள். ஒன்றில் ‘டிவைடிங் மெஸ்’, அடுத்ததில் ‘கான்ட்ராக்ட் மெஸ், நாள் ஒன்றுக்கு ரூ.120’. கூடவே ஒரு வரி: “எதுல சாப்பாடு நல்லா இருக்கும் மாமா?”

நான்கு வருடம் விடுதிச் சோறு தின்றவன், அதில் ஒரு மாதம் மெஸ் ரெப்பாக (மெஸ் கணக்கைப் பார்க்கும் மாணவர் பிரதிநிதியாக) இருந்து நானூறு பேரிடம் திட்டு வாங்கியவன் என்பதால் என்னைக் கேட்டிருக்கிறாள். ஆனால் ருசியை வைத்து மெஸ்ஸைத் தேர்ந்தெடுக்க முடியாது. கல்லூரி திறந்த முதல் மாதம் எல்லா மெஸ்ஸிலும் சாப்பாடு நன்றாகத்தான் இருக்கும். பெற்றோர் வந்து எட்டிப் பார்க்கிற காலம். அக்டோபரில் என்ன ஆகும் என்று தெரிய வேண்டும். அதைக் கணிக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி, நீ ஒரு வேளை சாப்பிடாமல் விட்டால் அந்தக் காசு யார் பைக்குள் போகிறது என்று பார்ப்பது.

டிவைடிங்கில் முதலாளி என்று யாரும் இல்லை. மாதம் முழுக்க ஆன அரிசி, காய், எண்ணெய், காஸ், சமையல்காரர் சம்பளம் எல்லாவற்றையும் கூட்டி, சாப்பிட்டவர்களின் வருகை நாட்களால் வகுப்பார்கள். 400 பேர், 30 நாள் என்றால் மொத்தம் 12,000 நாள். செலவு 15,60,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 130. ஊருக்குப் போனால் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து, இல்லாத நாட்களைக் கணக்கில் கழிக்கும் ரிடக்‌ஷன் வாங்கலாம். பெரும்பாலும் தொடர்ந்து சில நாட்கள் இல்லாமல் இருந்தால்தான் கொடுப்பார்கள். சனி ஞாயிறு மட்டும் போய்விட்டு வந்தால் கிடையாது.

இந்தக் கணக்கு ஸ்டடி ஹாலிடேஸில் திரும்பிக் கடிக்கும். பாதிப் பேர் ஊருக்குப் போய்விட, 12,000 நாள் 6,000 ஆகிவிடும். அரிசி, பருப்புச் செலவு பாதியாகும். சமையல் மாஸ்டருக்கும் பாத்திரம் தேய்ப்பவருக்கும் சம்பளம் பாதியாகாது. அந்த 130-இல் சாமான் செலவு 100, சம்பள வகை 30 என்றால், பாதிப் பேர் இல்லாத மாதத்தில் அதே சாப்பாடு 160 ஆகிவிடும். பஸ் காசு இல்லாமல் விடுதியிலேயே கிடந்தவன், ஊரில் அம்மா கையால் சாப்பிடுகிறவனுக்கும் சேர்த்துக் கட்டுகிறான். சில விடுதிகளில் சம்பளத்தை ‘எஸ்டாப்ளிஷ்மென்ட்’ என்று தனியாகப் பிரித்து, வந்தாலும் வராவிட்டாலும் எல்லோருக்கும் சமமாகப் போடுவார்கள். எனக்கு அதுதான் நியாயமாகப் படுகிறது.

அப்புறம் கசிவு. முதலாளி இல்லாத கடையில் காவலும் இருக்காது. நான் ரெப்பாக இருந்த மாதம் விடியற்காலை நான்கு மணிக்கு மெஸ் வேனில் ஏறி மார்க்கெட்டுக்குப் போவேன். தக்காளியை எப்படிப் பார்த்து வாங்குவது என்று ஒரு மாதத்தில் கற்றுக்கொண்டது இன்றைக்கும் உதவுகிறது. மாதக் கடைசியில் ஸ்டாக் புத்தகத்தைப் பார்த்தால் பதினொரு டின் எண்ணெய் செலவு. பின்கட்டில் கிடந்த காலி டின் எட்டு. மாஸ்டரிடம் கேட்டேன். “டீக்கடைக்காரன் மூணு காலி டின்னு கேட்டான் தம்பி, குடுத்துட்டேன்” என்றார். இருக்கலாம். அன்று ராத்திரி எனக்கு மட்டும், கேட்காமலே, வெங்காயம் தூக்கலாகப் போட்டு டபுள் ஆம்லெட் வந்தது. சாப்பிட்டேன். காலி டின் பற்றி அப்புறம் நான் பேசவில்லை.

மூன்று டின் எண்ணெயை நானூறு பேருக்குப் பிரித்தால் ஆளுக்குப் பத்துப் பதினைந்து ரூபாய்தான். இதற்குப் போய் யார் சண்டை போடுவார்கள்? டிவைடிங்கின் பலவீனம் இதுதான். சாம்பாரில் பருப்பைக் குறைத்து அங்கே யாரும் பணக்காரராவதில்லை என்பது பலம். மாஸ்டருக்கு அன்று மூடு சரியில்லை என்றால் சாப்பாடு மோசமாக இருக்கும், லாபத்துக்காக மோசமாகாது.

கான்ட்ராக்ட்டில் இது தலைகீழ். மெஸ்ஸை எடுத்து நடத்துகிற கான்ட்ராக்டருக்கு நாளுக்கு 120 என்றால் 120. கசிந்தால் அவர் காசு கசியும் என்பதால் எண்ணெய் டின்னை அவரே எண்ணிக்கொள்வார். வீட்டில் மாதச் செலவைக் கணக்குப் போடுகிறவர்களுக்கு இது பெரிய நிம்மதி. தக்காளி விலை ஏறினால் அவர் பாடு. (வரியும் உண்டு. கல்லூரியே மெஸ் நடத்தினால் ஜிஎஸ்டி கிடையாது, வெளியார் எடுத்து நடத்தினால் 5 சதவீதம் என்று 2018 ஜனவரியிலேயே மத்திய அரசு சுற்றறிக்கை போட்டுத் தெளிவாக்கியது. 120-க்குள் வரி அடக்கமா, மேலே 6 ரூபாய் வருமா என்று கேட்டுக்கொள்வது நல்லது.)

ஆனால் காலையில் முதல் வகுப்புக்குத் தாமதமாகி நீ சாப்பிடாமல் ஓடினால், அந்த நான்கு இட்லி முழுக்க அவர் லாபம். எழுபது பேருக்கு இட்லி பிடிக்கவில்லை என்றால் எழுபது பேர் இட்லியும் அவர் லாபம். சாப்பாடு கொஞ்சம் சுமாராக இருப்பது அவருக்குக் கெடுதல் இல்லை. ரொம்ப மோசமாகி, பையன்கள் தட்டோடு வார்டன் அறை முன்னால் உட்காராத வரைக்கும் சரி. அந்தக் கோட்டைத் தாண்டாமல் நடத்துவதில் அனுபவசாலிகள் கைதேர்ந்தவர்கள். கான்ட்ராக்ட் புதுப்பிக்கிற சமயம் நெருங்கும்போது பூரி உப்புவதையும் ஞாயிற்றுக்கிழமைக் குழம்பில் சிக்கன் துண்டு பெரிதாவதையும் விடுதியில் இருந்தவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள்.

சுவரில் ஒட்டிய மெனுவில் எந்தக் குறையும் இருக்காது. காலிஃபிளவர் மஞ்சூரியன் என்று எழுதியிருந்தால் முட்டைக்கோஸ் மஞ்சூரியன் வரும், அவ்வளவுதான். பெயரை மாற்ற முடியாத பண்டங்களில் தண்ணீர் ஏறும். டீ, மோர், எல்லாவற்றுக்கும் மேலாக சாம்பார். இதைச் சிரித்துவிட்டுப் போக முடியாது. 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு ஒரு நாளைக்குச் சுமார் 50 கிராம் புரதம் வேண்டும். துவரம்பருப்பு 100 கிராமில் 22 கிராம் அளவில் இருக்கிறது. ஆளுக்கு 25 கிராம் பருப்புப் போட்ட சாம்பாரில் ஐந்தரை கிராம் வரும்; பத்து கிராம் போட்டுப் பூசணிக்காயால் நிரப்பினால் இரண்டு சொச்சம். ஒரு முட்டையில் ஆறு கிராம். பருப்பு எங்கே குறைகிறதோ அங்கே பிள்ளைகள் சோற்றை இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டு வயிற்றை நிரப்புவார்கள். மதியம் இரண்டு மணி வகுப்பில் தூங்குவார்கள். சோற்றில் சோடா உப்புப் போடுகிறார்கள், அதனால்தான் தூக்கம் என்று எங்கள் விடுதியில் தலைமுறை தலைமுறையாக ஒரு வதந்தி உண்டு. நான் ரெப்பாக இருந்து பார்த்தவரை சோடா உப்பெல்லாம் இல்லை. மூன்று தட்டுச் சோறுதான்.

ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு மெஸ்ஸும் ஒன்று. “ஏன் மாமா தோசையே போட மாட்டாங்களாம்?” என்று அவள் கேட்டாள். 800 பேர், ஆளுக்கு மூன்று என்றால் 2,400 தோசை. ஒரு பெரிய கல்லில் ஒரு தடவைக்கு ஆறு ஊற்றி மூன்று நிமிடத்தில் எடுத்தால் 400 தடவை, 1,200 நிமிடம், அதாவது 20 மணி நேரம். நான்கு கல் போட்டாலும் ஐந்து மணி நேரம். காலைச் சாப்பாட்டு நேரமோ ஒன்றரை மணி. இட்லி அப்படியில்லை, ஆவி அடுப்பில் தட்டுத் தட்டாக அடுக்கி ஒரே ஈடில் நூற்றுக்கணக்கில் எடுக்கலாம். பொங்கலும் உப்புமாவும் இன்னும் சுலபம், ஓர் அண்டா போதும். வாரத்துக்கு மூன்று நாள் பொங்கல் ஏன் என்று இனிமேல் யாரும் கேட்க வேண்டாம். சப்பாத்தி இயந்திரத்தில் விழுந்து, வாளியில் அடுக்கி, தன் ஆவியிலேயே வெந்து தோலாகிப்போவதும் இதே கதைதான்.

கான்ட்ராக்ட்டின் கோளாறுக்கு ஒரு வைத்தியம் இருக்கிறது. சென்னை ஐஐடி மாதிரிப் பெரிய வளாகங்களில் ஒன்றுக்கு மேற்பட்ட கேட்டரிங்காரர்கள் இருப்பார்கள். எந்த மெஸ் வேண்டும் என்று மாணவர்களே பதிவு செய்துகொள்ளலாம். அடுத்த தடவை எதிர் மெஸ்ஸுக்குக் கூட்டம் போய்விடும் என்ற பயம் இருந்தால் பருப்பு தானாக வரும். சின்னக் கல்லூரிகளில் அதற்கு வழியில்லை. ஒரே கேட்டரிங்காரர், ஒரே வாளி.

சரி, வெளி மெஸ். எனக்கு இதில்தான் சாய்வு, மறைக்கவில்லை. கல்லூரி வாசலுக்கு எதிர்ச் சந்தில், வீட்டின் முன்னறையில் நான்கு மேசை போட்டு ஓர் அக்கா நடத்தும் மெஸ். மாதக் கணக்கு, கையில் ஒரு டோக்கன் புத்தகம். சாப்பிட்ட வேளைக்கு மட்டும் டோக்கன் கிழியும். நீ வராவிட்டால் வடித்த சோறு அவருக்கு நஷ்டம். அதனால்தான் மறுநாள், “நேத்து ராத்திரி ஏன் வரல, காய்ச்சலா?” என்று கேட்பார். அந்த அக்கறையில் வியாபாரமும் கலந்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். இருந்துவிட்டுப் போகட்டுமே. எனக்கு நிஜமாகவே காய்ச்சல் வந்தபோது மிளகு ரசத்தைத் தூக்குவாளியில் ஊற்றி விடுதி வாசல்வரை கொடுத்தனுப்பியது அந்த அக்காதான்.

அங்கேயும் குறை உண்டு. நாற்பது பேருக்கு மேல் வந்தால் கடைசிப் பந்திக்கு ரசமும் மோரும்தான். அக்கா வீட்டில் காதுகுத்து என்றால் மூன்று நாள் பூட்டு. நீல நிற 19 கிலோ சிலிண்டர் விலை ஏறினால் மறுவாரமே இரண்டு பொரியல் ஒன்றாகும். அவருக்குத் தாங்கும் சக்தி அவ்வளவுதான். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று யாருக்கும் தெரியாது. எங்கள் வகுப்பில் மஞ்சள் காமாலை வந்த இரண்டு பேரும் வெளியில் சாப்பிட்டவர்கள். ஆனால் அவர்கள் கரும்புச் சாறும் குடித்தார்கள், பழி யார் மேல் என்று சொல்ல முடியாது. எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல், விடுதியில் இருந்தால் மெஸ் பில் கட்டாயம் என்பது. வெளியில் சாப்பிடுகிறவன் இரண்டு இடத்தில் காசு கொடுக்கிறான்.

வெளி மெஸ்ஸின் பெருமையை மூன்று பத்தியாக அக்கா மகளுக்குத் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். அதற்குள் அவளே எழுதிவிட்டாள்: “எங்க கேட்டை ஆறரைக்கு மூடிடுவாங்க மாமா.” மூன்று பத்தியையும் அழித்தேன். பெண்கள் விடுதியில் ராத்திரிச் சாப்பாட்டுக்கு வெளி மெஸ் என்கிற பேச்சே இல்லை என்பது, நான்கு வருடம் அதே வளாகத்தில் இருந்தும் எனக்குத் தோன்றவே இல்லை. கெட்டிலில் மேகி போடலாம். இண்டக்‌ஷன் அடுப்பு மாட்டினால் ஃபியூஸ் போகும், வார்டன் வருவார். செயலியில் ஆர்டர் செய்தால் வாட்ச்மேன் அறையில் வாங்கிக்கொள்ளலாம். வாரத்துக்கு மூன்று பிரியாணி என்றால் மாதச் செலவில் மெஸ் பில்லை எட்டிப் பிடித்துவிடும்.

படிப்பு முடித்து 2013-இல் வேலை தேடிச் சென்னையில் திரிந்தபோதுதான் அம்மா உணவகம் திறந்தார்கள். ஒரு ரூபாய்க்கு இட்லி, ஐந்து ரூபாய்க்குச் சாம்பார் சாதம், மூன்று ரூபாய்க்குத் தயிர் சாதம். வரிசையில் எனக்கு முன்னாலும் பின்னாலும் பாதி கல்லூரிப் பையன்கள். அந்தச் சாம்பார் சாதம் எங்கள் மெஸ்ஸை விடக் கெட்டி என்று அப்போதே ஒருவனிடம் சொன்னேன், நம்பவில்லை.

இந்த இரண்டு கட்டப் படிவமே எல்லோருக்கும் வருவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆதிதிராவிடர் நல விடுதிகளில் கல்லூரி மாணவருக்கான உணவுப்படி மாதம் 1,100 ரூபாயாக இருந்து, 2023-இல் 1,500 ஆக உயர்ந்தது. நாளுக்கு 50 ரூபாய், மூன்று வேளைக்கு. 2025-இல் அரசு நல விடுதிகளுக்கெல்லாம் சமூகநீதி விடுதி என்று பெயர் வந்தது. 120-ஆ 130-ஆ என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்த பேச்சை அங்கே இருப்பவர் கேட்டால் சிரிப்பார்.

கடைசியில் அக்கா மகளுக்கு டிவைடிங் என்று எழுதினேன், இரண்டு நிபந்தனையோடு. மாதக் கணக்கை நோட்டீஸ் போர்டில் ஒட்டுகிறார்களா என்று சீனியரிடம் கேள். ஸ்டோர் ரூம் சாவி மாஸ்டரிடம் மட்டும் இருக்கிறதா, மாணவிகள் கமிட்டிக்கும் ஒன்று உண்டா என்று கேள். இரண்டுக்கும் நல்ல பதில் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு டிக் அடி. ஒட்டவும் இல்லை, சாவியும் இல்லை என்றால் கான்ட்ராக்ட்டே தேவலை. ஏமாந்தாலும் எவ்வளவு என்று தெரிந்து ஏமாறலாம்.

நல்ல பதில்தான் வந்ததாம். கணக்கை ஒவ்வொரு மாதமும் பத்தாம் தேதிக்குள் ஒட்டிவிடுகிறார்களாம், சாவியும் இரண்டு. ஆனால் அவள் டிக் அடித்தது கான்ட்ராக்ட்டில். ஏன் என்று கேட்டேன். “ரூம்ல மூணு பேரும் அதுலதான் மாமா சேர்ந்தாங்க. நான் மட்டும் அந்தப் பக்கம் தனியாப் போய் உக்காந்து சாப்பிடணுமா?”

இதை என் கணக்கில் நான் சேர்க்கவே இல்லை. டீ வெந்நீர் மாதிரி இருக்கிறது என்று செப்டம்பரிலேயே சொல்ல ஆரம்பித்துவிட்டாள். மாற்றிக்கொள்ள அடுத்த செமஸ்டருக்குத்தான் படிவம் தருவார்களாம். அதற்குள் மற்ற மூன்று பேரையும் பேசிக் கரைத்துக்கொண்டிருக்கிறாள்.