மனை வாங்கும் முதலீட்டாளர் வழக்கறிஞரிடம் எப்போது போக வேண்டும்?

மதுராந்தகம் அருகே அரை கிரவுண்டு மனை ஒன்றை முதலீடாக வாங்க நினைத்தபோது, பத்திரங்களை யாரிடம் காட்டுவது என்பதில் எனக்கு மூன்று வழிகள் இருந்தன: சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே இருக்கும் பத்திர எழுத்தர், கடன் தரும் வங்கியின் பட்டியலில் உள்ள வழக்கறிஞர், நானே கட்டணம் கொடுத்து அமர்த்தும் வழக்கறிஞர். மூன்றாமவரிடம் போனேன், ஆகவே இந்த அலசல் அந்தப் பக்கமே சாய்ந்திருக்கும்.

பத்திர எழுத்தரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நான்கெல்லை, சர்வே எண், முத்திரைத் தீர்வைக் கணக்கு ஆகியவற்றில் அவருக்குள்ள கைப்பழக்கம் பல வழக்கறிஞர்களுக்கு வராது. ஆனால் விற்பவருக்கு முழு உரிமை உண்டா என்று துருவுவது அவர் வேலையன்று. வங்கி வழக்கறிஞர் துருவுவார். எனினும் அவரது கருத்துரை வங்கிக்காக எழுதப்படுவது, அதுவும் பெரும்பாலும் நாம் கிரய ஒப்பந்தம் போட்டு முன்பணம் கொடுத்த பிறகே வருவது. குறை தெரிந்தால் வங்கி கடனை நிறுத்திக்கொள்ளும். முன்பணத்தைத் திரும்ப வாங்கும் பாடு நம்முடையது.

என்னைப் பொறுத்தவரை வழக்கறிஞரிடம் எப்போது போக வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது வாரிசுரிமை. நான் பார்த்த மனைக்கு வில்லங்கச் சான்று (சொத்தின் மீது பதிவான ஆவணங்களின் பட்டியல்) சுத்தமாக இருந்தது. பட்டாவும் விற்பவர் பெயரிலேயே இருந்தது. வழக்கறிஞர் தாய்ப் பத்திரங்களை, அதாவது மனை முன்பு கைமாறிய பழைய பத்திரங்களை, புரட்டிக்கொண்டே வந்து, 2011ஆம் ஆண்டின் பாகப்பிரிவினைப் பத்திரத்தில் நிறுத்தி, இரண்டு மகன்களின் கையெழுத்துக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டு, "இவங்க அப்பாவுக்குப் பொண்ணு இல்லையா சார்?" என்று கேட்டார். வாரிசுச் சான்றை வரவழைத்துப் பார்த்தோம். தாயார் முன்பே காலமாகியிருந்தார். மணமாகிப் போன மகள் ஒருவர் இருந்தார். உயில் எழுதாமல் இறந்த இந்துத் தந்தையின் சுயசம்பாத்தியச் சொத்தில், 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகனுக்குச் சமமான பங்கு மகளுக்கும் உண்டு. (பூர்வீகச் சொத்தென்றால் தமிழ்நாட்டின் 1989ஆம் ஆண்டுத் திருத்தம், மத்திய அரசின் 2005ஆம் ஆண்டுத் திருத்தம், 2020இல் உச்ச நீதிமன்றம் தந்த விளக்கம் என்று கணக்கு இன்னும் நீளும்.) பதிவான ஆவணங்களை வில்லங்கச் சான்று காட்டும், கையெழுத்துப் போட்டிருக்க வேண்டியவர் விடுபட்டதை அது எப்படிக் காட்டும்? ஆண்டுகள் பல ஆகிவிட்டனவே என்று தேறுதல் கொள்ளவும் முடியாது. கூட்டு உரிமையாளர் ஒருவரின் அனுபோகத்தை மற்றவர்களுக்கும் சேர்த்தே உள்ள அனுபோகமாகச் சட்டம் பொதுவாகக் கருதுவதால், சொத்தில் உரிமை கோருவதற்கான 12 ஆண்டுக் காலவரம்பு விடுபட்ட பங்காளருக்கு எதிராகத் தானாக ஓடிவிடுவதில்லை.

அந்த மகள் தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தைப் பதிவு செய்து கொடுத்த பிறகே முன்பணம் கொடுத்தேன். இரண்டு மாதம் தாமதமானது. விலையில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. ஆனால் நாளை நான் விற்கப் போகும்போது, வாங்குபவரின் வழக்கறிஞர் அதே இடத்தில் பென்சில் கோடு போட மாட்டார். முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு என அரசுக்குக் கட்டியதன் பக்கத்தில் வைத்தால் வழக்கறிஞர் கட்டணம் சொற்பம்.

நான் வாங்கியவை மனைகள் மட்டுமே. கட்டி முடியாத அடுக்குமாடி வீட்டுக்கும் இதே அளவுகோல் போதும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். அதே மனைப்பிரிவில் அதே ஆளிடம் இரண்டாவது மனை வாங்கினால், முழு ஆய்வுக்கு மறுபடி செலவழிக்காமல், புதிய வில்லங்கச் சான்றும் நிலுவை வழக்கு உண்டா என்ற தேடலும் போதும் என்பேன். தேடலை மட்டும் விடக்கூடாது: வழக்கு நிலுவையில் இருக்கும் சொத்தை வாங்கியவரை, வழக்கு நடப்பதே அவருக்குத் தெரியாமல் இருந்தாலும், தீர்ப்பு கட்டுப்படுத்தும்.