அரைநிழலுக்கு ஏற்ற மனோரஞ்சிதம்: ஒரு நாற்றுப்பண்ணை அனுபவம்

மதுரை அழகர்கோவில் சாலையோர நாற்றுப்பண்ணை ஒன்றில் மனோரஞ்சிதக் கன்று வாங்கினேன். வேப்பமர நிழல் விழும் எங்கள் கொல்லையில் காலை வெயில் மட்டுமே கிடைக்கும் என்றதும், நாள் முழுதும் வெயில் கேட்கும் மல்லிகை அங்கே சரியாகப் பூக்காது என்று வெளிப்படையாகச் சொல்லி, அரைநிழலிலும் பூக்கும் இக்கொடியைப் பண்ணைக்காரர் பரிந்துரைத்தது மிகவும் பாராட்டத்தக்கது. விலை சற்று அதிகம்தான்.

இதன் பூக்காம்பே கொக்கிபோல் வளைந்து பந்தல் கம்பியைப் பற்றிக்கொள்கிறது. இலையோடு இலையாகப் பச்சை நிறத்தில் மறைந்திருக்கும் பூ, மஞ்சளாகப் பழுக்கும்போதுதான் பழவாசனையைக் கொல்லை முழுதும் பரப்புகிறது. எவ்வளவு அழகான ஏற்பாடு!

பையிலிருந்த மண்ணில் களி மிகுந்து நீர் தேங்கியது ஒரு குறை. செம்மண், மணல், மட்கிய எரு கலந்த குழியில் நட்ட பிறகே கன்று தெளிந்தது. தண்டு மரம்போல் தடிக்கும் கொடியாதலால், வாங்குவோர் தொடக்கத்திலேயே வலுவான பந்தல் அமைத்துவிட வேண்டும்.