பெயின்ட் அடித்த சேஸியைக் கையில் வாங்காதீர்கள்

கார் சேஸி, அதாவது காரின் இரும்பு எலும்புக்கூடு, கட்டித் தருகிறேன் என்று என்னை ஏமாற்றிய பட்டறைக்காரர் பெயரையோ ஏரியாவையோ நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதச் சொல்லிப் பலர் கேட்டுவிட்டார்கள். ஏன் எழுத முடியவில்லை என்பதுதான் இந்தக் கதையில் பாதி.

வீட்டு போர்ட்டிகோவில் சொந்தமாக ஒரு சூப்பர் கார் கட்ட வேண்டும் என்பது என் பத்து வருட ஆசை. சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம். கென் இம்ஹாஃப் என்ற அமெரிக்கர் விஸ்கான்சினில் தன் வீட்டு நிலவறையில் 17 வருடம் உட்கார்ந்து ஒரு லம்போகினி கவுன்டாக் கட்டினார். கட்டி முடித்த பிறகு சுவரை அறுத்து, மண்ணைத் தோண்டித்தான் அதை வெளியே இழுத்தார்கள். நான் இருப்பது கோயம்புத்தூர். மாருதி 800 இன்ஜினை வைத்து கரிவரதன் ரேஸ் கார் கட்டிய ஊர். இங்கே முடியாவிட்டால் வேறு எங்கே முடியும் என்ற தெம்பு எனக்கு இருந்தது.

திட்டமும் அப்படி ஒன்றும் கிறுக்குத்தனமானது இல்லை. 2005 ஹோண்டா சிட்டி ஒன்றை 90,000 ரூபாய்க்கு வாங்கினேன். 1.5 லிட்டர் விடெக் இன்ஜின், சுமார் 100 குதிரைசக்தி. முன்சக்கரம் இழுக்கும் காரின் இன்ஜின், கியர்பாக்ஸ் இரண்டையும் அப்படியே தூக்கி சீட்டுக்குப் பின்னால் வைத்தால் அது நடு இன்ஜின் கார் ஆகிவிடும். டொயோட்டா எம்ஆர்2 அந்த வழியில் வந்ததுதான். 1996-ல் வந்த முதல் லோட்டஸ் எலீஸும் ரோவர் கார்களின் 1.8 லிட்டர் இன்ஜினை அப்படித்தான் வைத்திருந்தது. சுமார் 120 குதிரைசக்தி, முக்கால் டன்னுக்கும் குறைவான எடை. வண்டி பறந்தது. எடை குறைந்தால் போதும், சின்ன இன்ஜினே சூப்பர் கார் மாதிரி ஓடும். இந்தக் கணக்குதான் பின்னால் என்னை ஏமாற்றியது.

இரண்டு வருடம் ராத்திரி ராத்திரியாக கம்ப்யூட்டரில் சேஸி வரைந்தேன். குழாயை வளைத்து, அறுத்து, சேர்த்துக் கட்டும் ஸ்பேஸ் ஃபிரேம். மொத்தம் 58 மீட்டர் குழாய். ரேஸ் கார் ரோல்கேஜுக்கு (கார் உருண்டாலும் ஆளைக் காக்கும் கூண்டு) உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏவின் விதிகளில் சொல்லியிருக்கும் அளவையே எடுத்துக்கொண்டேன்: குளிர்நிலையில் இழுத்த சீம்லெஸ், அதாவது தையல் இல்லாத குழாய், தலைக்குப் பின்னால் வரும் பெரிய வளைவுக்கு 45 மி.மீ., மற்றதற்கு 38 மி.மீ., எல்லாமே 2.5 மி.மீ. கனம். வெல்டிங் முழுக்க ஆர்கான் வாயுவில்.

வரைவது என் வேலை, வெல்டிங் என் வேலை இல்லை. விசாரித்து ஒரு பட்டறைக்குப் போனேன். சுவரெல்லாம் ரேஸ் கார் போட்டோ. அவர் என் வரைபடத்தை அரை மணி நேரம் பார்த்தார். இரண்டு இடத்தில் குழாய் மாற்றிப் போடச் சொன்னார், இரண்டுமே சரியான யோசனை. ஆளுக்கு வேலை தெரியாமல் இல்லை. அதை இன்றைக்கும் சொல்வேன்.

கிளம்பும்போது நான்தான் கேட்டேன். “அண்ணா, ரோட்டுல ஓட்ட முடியுங்களா?”

“ஏனுங்க தம்பி, அந்த சிட்டிக்கு ஆர்.சி. புக் இருக்குதல்ல? அந்த நம்பர்லயே ஓட்டிக்கலாமுங்க. ஆர்டிஓ சைடு நம்ம ஆளு இருக்காப்டி. உங்களுக்கு எதுக்குங்க அந்தக் கவலை?”

அந்த இடத்திலேயே எழுந்து வந்திருக்க வேண்டும். எனக்குச் சட்டம் தெரியாமல் இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, கம்பெனி கொடுத்த அடிப்படை விவரங்களில் இருந்து வண்டி மாறிப்போகும் அளவுக்கு அதை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்துவிட்டது. புதுக் கார் என்றே பதிவு செய்யலாம் என்றால், புனேயில் இருக்கும் ஏஆர்ஏஐ போன்ற வாகனச் சோதனை மையத்தில் மாதிரி வண்டியைக் கொடுத்து ஒப்புதல் வாங்க வேண்டும். அது கார் கம்பெனிகளுக்கு ஆகும் காரியம், போர்ட்டிகோ ஆளுக்கு இல்லை. நாம் பார்க்கிற யூடியூப் வீடியோக்களில் பாதி இங்கிலாந்தில் எடுத்தவை. அங்கே வீட்டில் கட்டிய ஒற்றைக் காரைச் சோதித்துப் பதிவு செய்ய ஐவிஏ என்று தனி வழியே இருக்கிறது. இங்கே இல்லை. இத்தனையும் தெரிந்துகொண்டுதான் தலையாட்டினேன். ஆசை.

முதல் தவணை 1,50,000. சேஸி நின்றதும் 1,30,000. பிறகு “ஆர்.சி. செலவுக்கு” என்று 1,00,000. பில் எதற்கும் இல்லை. பேச்செல்லாம் போனில்தான், கொட்டேஷன்கூட வாட்ஸாப் குரல் செய்தி. வெல்டிங் நடக்கும்போது பார்க்க வருகிறேன் என்றால், இன்றைக்குக் கரண்ட் இல்லை, நாளைக்கு ஆள் லீவு என்று ஏதாவது ஒன்று இருக்கும். நான்கு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை டாடா ஏஸில் சேஸி வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது. பளபளவென்று கறுப்பு பவுடர் கோட்டிங். ஒவ்வொரு குழாய் நுனியும் மூடி வெல்டு வைத்து அடைத்திருந்தது. நாலு பேர் அலுங்காமல் இறக்கி வைத்தார்கள். என்ன ஒரு லேசு என்று எனக்கு வாயெல்லாம் பல். அம்மா திருஷ்டி சுற்றி வாசலில் பூசணிக்காய் உடைத்தார்.

அடுத்த வாரம் அக்கா பையன் வந்தான். மெக்கானிக்கல் கடைசி வருடம், கல்லூரியில் பாஹா வண்டி (மாணவர்களே கட்டிப் போட்டியில் ஓட்டும் கரடுமுரடுப் பாதை வண்டி) கட்டும் டீமில் இருக்கிறான். சேஸியை ஒரு சுற்று சுற்றி வந்தவன் ஒன்றும் பேசவில்லை. விரலை மடக்கி இரண்டு குழாயைத் தட்டிப் பார்த்தான்.

“மாமா, ஒரு ஓட்டை போட்டுக்கட்டுமா?”

புதுச் சேஸியில் ஓட்டையா என்று பதறினேன். பாஹா போட்டியில் குழாய் கனத்தைப் பார்ப்பதற்கென்றே ஓட்டை போட வைப்பார்களாம். சரி, தெரியாத இடமாகப் பார்த்துப் போடு என்றேன். 5 மி.மீ. டிரில். நான் நினைத்ததைவிட சீக்கிரமாகவே பிட் ‘லொடக்’ என்று உள்ளே இறங்கியது. கம்பியை வளைத்து உள்ளே விட்டு, கொக்கி மாதிரி மாட்டி, அடையாளம் வைத்து வெர்னியரில் பார்த்தான். 1.6. இன்னொரு இடத்தில் போடச் சொன்னேன். 1.6. பெரிய வளைவிலும் அதே 1.6. கடையில் 16 கேஜ் என்று கேட்டால் கொடுப்பார்களே, அந்தக் குழாய்.

பிறகு ஒரு மூடியை கிரைண்டரில் அறுத்தோம். டார்ச் அடித்தால் குழாயின் உட்சுவரில் நீளமாக ஒரு தையல். விரலை விட்டு நானே தடவிப் பார்த்தேன், வரப்பு மாதிரி தட்டுப்பட்டது. தகட்டைச் சுருட்டி ஓரத்தை ஒட்டிய ஈஆர்டபிள்யூ குழாய். அந்தக் குழாய் மோசம் என்று சொல்லவில்லை. கேட்டுக்கும் ஷெட்டுக்கும் அதுதான் போடுவார்கள். ஆனால் நான் காசு கொடுத்தது சீம்லெஸுக்கு. அதில் தலைகீழாகத் தொங்கப்போவதும் என் தலைதான்.

எடையைப் பார்த்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். கணக்கு மிகச் சுலபம்: வெளிவிட்டத்தில் கனத்தைக் கழித்து, அதைக் கனத்தால் பெருக்கி, 0.02466-ஆல் பெருக்கினால் மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வந்துவிடும். 38-க்கு 2.5 என்றால் 2.19 கிலோ. 1.6 என்றால் 1.44 கிலோதான். என் சேஸி தகடு, பிராக்கெட் எல்லாம் சேர்த்து 140 கிலோவைத் தாண்ட வேண்டும். தெருக்கோடியில் இருக்கும் பழைய இரும்புக் கடைத் தராசுக்கு மீன்பாடி வண்டியில் கொண்டுபோனோம். 99 கிலோ. நாற்பது கிலோவுக்கு மேல் இரும்பு காணோம், நான் லேசாக வந்திருக்கிறது என்று பூரித்திருக்கிறேன். இரும்புக் கடைக்காரர் விலை சொல்ல ஆரம்பித்தது தனி அவமானம்.

பவுடர் கோட்டிங்கைச் சுரண்டியதும் மற்றதெல்லாம் வரிசையாக வந்தது. ஆர்கான் கிடையாது, எல்லாம் சிஓடூ வாயு வெல்டிங். வெல்டு மேட்டை கிரைண்டரில் மழித்து, பள்ளத்தில் பட்டி வைத்து, அதன் மேல் கோட்டிங். ஒரு சந்தியில் சுத்தியலால் தட்டினேன். பட்டி ஓடு மாதிரி கழன்று விழுந்தது. உள்ளே குழாயும் குழாயும் சேராமல் ஒரு நூல் இடைவெளி. தூக்குக்குண்டு விட்டுத் தரையில் சாக்பீஸால் குறித்துப் பார்த்ததில், முன்சக்கரம் வரும் இடத்துக்கும் பின்சக்கரம் வரும் இடத்துக்கும் உள்ள தூரம் வலப்பக்கத்தைவிட இடப்பக்கம் 14 மி.மீ. அதிகம்.

கடைசியாக அக்கா பையன்தான் அதைக் கண்டுபிடித்தான். “மாமா, இது எந்த வண்டி நம்பர்?” டிரைவர் பக்கம், முன் தடுப்புத் தகட்டில், உள்ளங்கை அகலத்துக்கு வேறொரு தகடு ஒட்டு வேலை செய்திருந்தது. ஓரத்தில் ஸீலண்ட் பூசியிருந்தார்கள். நடுவே அடித்திருந்த எண்ணை என் ஆர்.சி. புக்கோடு ஒப்பிட்டேன். என் சிட்டியின் சேஸி நம்பர். பழைய காரில் இருந்து அந்தத் துண்டை மட்டும் வெட்டி எடுத்து இதில் ஒட்டியிருக்கிறார். ஒரு லட்சத்துக்கான ‘ஆர்.சி. வேலை’ அதுதான்.

பட்டறைக்குப் போனேன். சத்தம் போடவில்லை, அளவுகளை மட்டும் சொன்னேன். அவரும் சத்தம் போடவில்லை. “நீங்க கேட்ட எடைக்கு அப்படித்தானுங்க தம்பி வரும். இஷ்டமில்லீன்னா கம்ப்ளைன்ட் குடுங்க. நம்பர் மாத்தச் சொன்னது யாருன்னு கேப்பாங்க, சொல்லுங்க.” டீ வாங்கிக் கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன், அதுதான் இன்னும் எரிகிறது.

வக்கீல் ஒருவரைப் பார்த்தேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்கலாம், 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, ஆன்லைனிலேயே போடலாம் என்றார். பிறகு மூன்றாவது தவணை எதற்குக் கொடுத்தீர்கள் என்று கேட்டார். சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்தார். சேஸி நம்பரை வெட்டி ஒட்டுவது திருட்டு வண்டிக்காரர்கள் செய்யும் வேலை, அதற்குக் காசு கொடுத்தவரும் நீங்கள், ஆர்.சி. இருப்பதும் உங்கள் பெயரில் என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆர்.சி. வாங்கித் தருகிறேன் என்று அவர் சொன்னது வியாபாரத்துக்கான ஆசை வார்த்தை மட்டும் இல்லை. நான் பின்னால் வாய் திறக்காமல் இருக்க, முன்னாலேயே என் செலவில் போட்டு வைத்த பூட்டு. இதே வேலைக்கு இறங்கியிருக்கும் யாரிடமாவது பட்டறைக்காரர் ஆர்டிஓ ஆளைப் பற்றிப் பேசினால், அவர் வெல்டிங் எவ்வளவு அழகாக இருந்தாலும் வண்டியைத் திருப்புங்கள். குழாய் வந்ததும் மில் சர்டிஃபிகேட்டோடு (குழாய் ஆலை தரும் சான்று) உங்கள் கையால் அளந்து பாருங்கள். பச்சை வெல்டு தெரியும்படி, கோட்டிங் இல்லாமல், நுனி அடைக்காமல் சேஸியைக் கேளுங்கள். பெயின்ட் கடைக்கு நீங்களே கொண்டுபோகலாம், பெரிய செலவில்லை.

நான்கு முறை அலைந்ததில் 50,000 திரும்பி வந்தது. மீதி போனது போனதுதான். நம்பர் தகட்டை அறுத்து எடுத்துக்கொண்டு, சிட்டி இனி ஓடாது என்று எழுதி ஆர்.சி.யை ஒப்படைக்க வக்கீலோடு ஆர்டிஓ ஆபீஸ் போனேன். வண்டி அழிந்தால் 14 நாளில் சொல்ல வேண்டும், நான் மாதக்கணக்கில் தாமதம். தகடு ஏன் தனியாக இருக்கிறது என்று கேட்டார்கள். நடந்ததை எழுதிக் கொடுத்திருக்கிறேன். அது இன்னும் முடியவில்லை, அதனால்தான் பெயர் எழுதவில்லை.

சேஸியை அறுத்தாகிவிட்டது. பெரிய வளைவு மட்டும் மொட்டை மாடியில் நிற்கிறது. அம்மா அதில் பீர்க்கங்கொடி ஏற்றிவிட்டார். கொடி பாரத்துக்கு 1.6 தாராளம்.