"2 மணி நேரம் தாங்கும் சார்" என்று சொன்னால் நம்பாதீர்கள்: எனக்குப் போனது 18 லட்சம்

நேற்று மதியம்தான் உறுதியாகத் தெரிந்தது. ராத்திரி தூக்கமே இல்லை. கோபம் அடங்காமல்தான் எழுதுகிறேன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஸ்டீல் கட்டடத்துக்குத் தீப்பாதுகாப்புப் பூச்சு என்று சொல்லி, அதற்கு ஆகாத பெயின்ட்டை என் தலையில் கட்டிவிட்டார்கள். போனது 18 லட்சம். எப்படி ஏமாந்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் வரிசையாக எழுதுகிறேன்.

கட்டடம் பெரிய கோட்டை எல்லாம் இல்லை. ஸ்டீல் தூண், ஸ்டீல் பீம், உள்ளே ஓர் இடைத்தளம். மேலே சரக்கு இருக்கும், கீழே ஆட்கள் வேலை செய்வார்கள். தீப்பிடித்தால் சட்டகம் 1 மணி நேரம் நிற்க வேண்டும் என்பது நிபந்தனை. "இரும்பு எங்கேயாவது எரியுமா?" என்று நானும் முதலில் சிரித்தவன்தான். எரியாது, ஆனால் இளகிவிடும். 400 டிகிரி செல்சியஸ் வரை ஓரளவு சமாளிக்கும். 550-ஐத் தொடும்போது பலத்தில் சுமார் 60 சதவீதம்தான் மிச்சம். 700-ல் கால்வாசிகூட இல்லை. சோதனை உலையில் வெப்பம் 5 நிமிடத்திலேயே 570-ஐத் தாண்டும், 1 மணி நேரத்தில் 945-ஐத் தொடும். பூச்சு இல்லாத சாதாரண பீம் பெரும்பாலும் 15, 20 நிமிடத்தில் கையை விரித்துவிடும். உருகி ஓட வேண்டியதே இல்லை, தொய்ந்தால் போதும், மேலே இருப்பது கீழே வந்துவிடும்.

காப்பாற்ற வழி இருக்கிறது. கான்கிரீட்டால் மூடலாம், கால்சியம் சிலிகேட் அல்லது ஜிப்சம் பலகையால் பெட்டி கட்டலாம், வெர்மிகுலைட் என்ற லேசான கனிமம் கலந்த சிமென்ட் கலவையைப் பீய்ச்சலாம். இன்ட்யூமசன்ட் பெயின்ட் அடிக்கலாம். அது சூடு பட்டால் நுரை போலப் பொங்கி ஸ்டீலைப் போர்வை மாதிரி மூடிக்கொள்ளும். வெளியே தெரியாத இடத்துக்கு வெர்மிகுலைட்டே போதும் என்று டிசைன் போட்ட இன்ஜினியர் சொன்னார். நான்தான் கேட்கவில்லை. சொரசொரவென்று அசிங்கமாக இருக்கும், பெயின்ட் என்றால் பளிச்சென்று இருக்கும் என்று நினைத்தேன். அது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன்.

கட்டுமானப் பொருள் விற்கும் ஓர் ஆன்லைன் தளத்தில் தேடினேன். பெயர் சொல்லப் போவதில்லை. 'சரிபார்க்கப்பட்ட விற்பனையாளர்' என்று பச்சை டிக் போட்டிருந்தார்கள். யார் சரிபார்த்தார்கள், எதைச் சரிபார்த்தார்கள் என்று கேட்க அப்போது எனக்குத் தோன்றவில்லை.

மறுநாளே விற்பனை ஆள் நேரில் வந்தார். கையில் சின்ன கேஸ் டார்ச், உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளைப் பூச்சு அடித்த ஒரு ஸ்டீல் தகடு. டார்ச்சைப் பற்றவைத்து நேராகப் பூச்சின் மேல் பிடித்தார். வெள்ளை பழுப்பாகி, கறுத்து, அப்புறம் மெல்ல உப்பிக் கட்டைவிரல் உயரத்துக்கு எழுந்து நின்றது. சில நிமிடம் அப்படியே பிடித்துவிட்டு, "பின்பக்கம் தொட்டுப் பாருங்க சார்" என்றார். தயங்கித் தயங்கி விரலை வைத்தேன். வெதுவெதுப்புதான். அவர் ஒரு வார்த்தைகூடக் கூடுதலாகப் பேசவில்லை, சும்மா சிரித்தார். அந்தச் சிரிப்பில்தான் விழுந்தேன். விரல் வைத்த அந்த ஒரு நொடிக்கு நான் கொடுத்த விலைதான் 18 லட்சம்.

"2 மணி நேரம் தாங்கும் சார், 2 கோட் போதும்." இதுதான் அவர் சொன்னது. என் தூண் என்ன கனம், பீம் என்ன அளவு, எத்தனை பக்கம் நெருப்பு படும், ஒன்றுமே கேட்கவில்லை. கேட்காதபோதே நான் விழித்திருக்க வேண்டும். நெருப்பு படும் சுற்றளவை அந்த ஸ்டீலின் வெட்டுப் பரப்பால் வகுத்தால் ஓர் எண் வரும், செக்‌ஷன் ஃபேக்டர் என்பார்கள். கனத்த தூணுக்கு அந்த எண் குறைவு, மெதுவாகச் சூடேறும். மெல்லிய பீமுக்கு அதிகம், சட்டென்று கொதித்துவிடும். அதே பெயின்ட், அதே 1 மணி நேரம், ஆனால் மெல்லியதற்குக் கனத்ததைவிடப் பல மடங்கு தடிமன் தேவைப்படலாம். ஆக, டிரம்மைக் காட்டி "இது 2 மணி நேரம்" என்று எவனாவது சொன்னால் அதற்கு அர்த்தமே கிடையாது. டிரம்மா நிற்கப் போகிறது, பீம்தானே நிற்க வேண்டும்?

சான்றிதழ் கேட்டேன், வாட்ஸ்அப்பில் வந்தது. ஒரே ஒரு பக்கம். கீழே ஓரத்தில் '1/14' என்று பொடி எழுத்தில் இருந்ததை நேற்றுதான் பார்த்தேன். அன்று பார்த்ததெல்லாம் மேலே பெரிதாக இருந்த 'கிளாஸ் ஏ' மட்டும்தான். சரி, முதல் தரம் போல என்று பணத்தை அனுப்பினேன். முழுப் பணமும் முன்கூட்டியே.

டிரம் வந்தது. பெயின்ட் அடிக்க வந்த மேஸ்திரி மூடியைத் திறந்து குச்சியால் கிளறிவிட்டு, "அண்ணே, நல்லா தண்ணியா இருக்கு, ரோலர்லயே முடிச்சிடலாம்" என்றார். நான் சந்தோஷப்பட்டேன்! நிஜமான இன்ட்யூமசன்ட் பசை மாதிரி கெட்டியாக இருக்கும், பெரும்பாலும் ஏர்லெஸ் ஸ்ப்ரே இயந்திரம் வைத்துத்தான் அடிப்பார்கள். வேலை சுலபமாக முடிந்தது என்று நான் மகிழ்ந்த அந்த நாளை நினைத்தால் இப்போது பற்றிக்கொண்டு வருகிறது.

நேற்று ஆய்வுக்கு வந்தவர் சட்டைப்பையிலிருந்து தடிமன் அளக்கும் கருவியை எடுத்துப் பீமில் வைத்தார். 190 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). தள்ளி வைத்தார், 175. தூணில் 210. "உங்க பீமுக்கு 1,000 மைக்ரானுக்கு மேல வேணுமே, எந்த டேபிளைப் பார்த்து அடிச்சீங்க?" என்றார். டேபிளா? எந்த அளவு ஸ்டீலுக்கு எத்தனை மைக்ரான் என்று போட்ட அட்டவணையாம், அப்படி ஒன்று உண்டு என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். சான்றிதழைக் காட்டினேன். படித்துவிட்டு என்னைப் பாவமாகப் பார்த்தார். அது ஏஎஸ்டிஎம் இ-84 என்ற அமெரிக்கத் தரச் சோதனை. ஒரு பரப்பில் தீ எவ்வளவு வேகமாகப் பரவுகிறது, எவ்வளவு புகை வருகிறது என்று மட்டும் பார்ப்பது. 10 நிமிடச் சோதனை. அதுவும் பூச்சை ஒட்டுப்பலகையில் அடித்துச் செய்தது. ஸ்டீல் எத்தனை நேரம் தாங்கும் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. 10 நிமிடச் சோதனையின் காகிதத்தைக் காட்டி 2 மணி நேரத்தை விற்றிருக்கிறார்கள்!

மனசு கேட்காமல், அடித்து மிச்சம் கிடந்த ஒரு துண்டில் நானே டார்ச் பிடித்துப் பார்த்தேன். உப்பவில்லை. கொப்புளம் விட்டது, சுருண்டது, செதிலாகக் கீழே விழுந்தது. உள்ளே வெறும் ஸ்டீல்.

உடனே விற்பனை ஆளுக்குப் போன் போட்டேன். முதல் அழைப்பில், "டெக்னிக்கல் டீம் கூப்பிடுவாங்க சார்." இரண்டாவதில், "அடிச்ச ஆள் சரியில்ல, அதான்." மூன்றாவதில் குரலே மாறிவிட்டது: "நீங்க ஃபயர் பெயின்ட் கேட்டீங்க, ஃபயர் பெயின்ட் கொடுத்தோம். பில்லைப் பாருங்க." பார்த்தேன். 'பாதுகாப்புப் பூச்சு' என்று மட்டும் இருந்தது. எதிலிருந்து பாதுகாப்பு என்று இல்லை. நான்காவது அழைப்பை எடுக்கவே இல்லை.

தளத்தில் புகார் போட்டேன். "நாங்கள் விற்பவரையும் வாங்குபவரையும் இணைப்பவர்கள் மட்டுமே" என்று பதில். அப்புறம் அந்தப் பச்சை டிக் எதற்கு? அதற்குப் பதில் இல்லை. திறந்த டிரம்மைத் திருப்பி எடுக்க முடியாதாம். திறக்காமல் எப்படி அடிப்பது? இன்று காலை பார்த்தால் புகாரை 'தீர்க்கப்பட்டது' என்று மூடிவிட்டு, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று கேட்கிறார்கள். 18 லட்சம் போயிருக்கிறது, நட்சத்திரம் வேண்டுமாம்.

இதோடு முடியவும் இல்லை. என்ன பெயின்ட் என்றே தெரியாத ஒன்றின் மேல் நல்ல பூச்சை அடிக்க முடியாதாம். கீழே இருக்கும் பிரைமரோடு, அதாவது அடிப்பூச்சோடு, ஒத்துப்போகாவிட்டால் நெருப்பில் பொங்குவதற்கு முன்பே மொத்தமாகக் கழன்று விழுந்துவிடும். எல்லாவற்றையும் சுரண்டி எடுத்து, பிளாஸ்டிங் (மணல் போன்ற துகளை வேகமாக அடித்துச் சுத்தம் செய்வது) செய்து, முதலிலிருந்து தொடங்க வேண்டும். அந்தச் செலவு 18 லட்சத்தில் சேராது.

வரிசையாக எழுதுகிறேன் என்றேன், அதற்கெல்லாம் இப்போது பொறுமை இல்லை. அவசரமாகச் சொல்கிறேன். சான்றிதழில் எல்லாப் பக்கமும் வாங்குங்கள், டிரம்மில் உள்ள பெயரும் அதில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றா பாருங்கள். ஸ்டீலில் செய்த சோதனையா என்று பாருங்கள்: ஏஎஸ்டிஎம் இ-119, யூஎல் 263, பிஎஸ் 476-ன் 20, 21-ஆம் பகுதிகள், இஎன் 13381-8, இந்த மாதிரி ஏதாவது இருக்க வேண்டும். உங்கள் ஒவ்வொரு பீமுக்கும் தூணுக்கும் எத்தனை மைக்ரான் என்று எழுதி வாங்குங்கள். குழாய், பெட்டி வடிவத் தூண்களுக்குத் தனிக் கணக்கு. பில்லில் பெயரும் நேரமும் இல்லாமல் பணம் அனுப்பாதீர்கள், முழுசாக அனுப்பவே அனுப்பாதீர்கள். கொண்டுவந்து காட்டும் தகட்டை நம்பாதீர்கள், வந்து இறங்கிய டிரம்மிலிருந்து எடுத்து அடித்துக் கொளுத்திப் பாருங்கள். அதில் பொங்கினால்கூட 1 மணி நேரம் உறுதி என்று ஆகிவிடாது, பொங்காவிட்டால் போலி என்று மட்டும் தெரிந்துவிடும்.

இன்னும் இருக்கிறது, அப்புறம் எழுதுகிறேன். சுரண்டும் ஆட்கள் வந்துவிட்டார்கள், அவர்களும் முன்பணம் கேட்கிறார்கள்.