கானாடுகாத்தானைச் சுற்ற: குதிரையா, கூண்டு வண்டியா, சைக்கிளா?

செட்டிநாட்டு ஊரான கானாடுகாத்தானுக்கு லீவில் வருகிறவர்கள் மாட்டு வண்டிக்கோ சைக்கிளுக்கோ அலைய வேண்டியதில்லை, தங்கும் விடுதியிலேயே கேட்கலாம். குதிரை அப்படியில்லை, முன்கூட்டியே சொல்லி ஆள் பிடித்து வைக்க வேண்டும்.

ஊருக்குள் சுற்றத்தான் என்றால் குதிரை வேண்டாம் என்பேன். கானாடுகாத்தான் தெருக்கள் நூல் பிடித்தாற்போல் நேரானவை. பெரிய வீடுகளில் முகப்பு ஒரு தெருவில், பின்கட்டு அடுத்த தெருவில். சேணத்தில் உட்கார்ந்தால் மதிலுக்கு மேலே கண் எட்டும், சரி. ஆனால் வளவு என்கிற நடு முற்றத்தையும் பர்மா தேக்குத் தூண்களையும் பார்க்க உள்ளே போயாக வேண்டுமே, வாசலுக்கு வாசல் இறங்கி ஏற முடியுமா? தார் ரோட்டில் லாடம் வழுக்கும், பின்னால் பஸ் ஹாரன் அடிக்கும், குதிரைக்காரர் கயிற்றை விடவே மாட்டார். மெரினாவில் ஒரு ரவுண்டு போவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

வயசானவர்கள், சின்னப் பிள்ளைகள் என்றால் கூண்டு வண்டிதான். வைக்கோல் மேல் ஜமுக்காளம் விரித்தாலும் இடுப்பு கொஞ்சம் குலுங்கும். கூண்டு மேலே மறைப்பதால் முகப்பு உச்சியின் சுதைச் சிற்பங்கள் கண்ணில் படாது. நினைத்த இடத்தில் நிறுத்தி அண்ணாந்து பார்க்க சைக்கிளை விட்டால் வேறு இல்லை.

குதிரைக்கென்று உள்ள இடம் கண்மாய்க் கரை. மார்கழி, தையில் விடிந்ததும் கிளம்புங்கள். செம்மண்ணில் லாடச் சத்தமே கேட்காது, கொக்குகூடப் பறக்காமல் நிற்கும். வழியில் அய்யனார் கோயில் இருந்தால், புரவி எடுப்புத் திருவிழாவில் நேர்த்திக்கடனாக வைக்க, மண்பாண்டம் செய்யும் வேளார் செய்து கொடுத்த மண்குதிரைகள் வரிசையாக நிற்கும். அதைக் கண்டதும் நம் குதிரை காதை விறைத்துக்கொண்டு நின்றுவிடலாம். அப்போது லகானை இழுக்காதீர்கள். "அதுவா பாத்துட்டு வரும், விடுங்கண்ணே" என்பார் குதிரைக்காரர். இந்த ஒரு மணி நேரத்தை வண்டியும் தராது, சைக்கிளும் தராது.

குதிரைக்காரரிடம் வாடகை பேசி முடிக்கும் முன் இரண்டு விஷயம். குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் அதன் மேல் ஏற்றக்கூடாது என்பது பொதுவான கணக்கு. 350 கிலோ குதிரைக்கு சேணத்தோடு சேர்த்து 70 கிலோ. அடுத்து, சேணத்தைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். முதுகில் புண் இருந்தால் பேரமே வேண்டாம், சைக்கிளை எடுத்துக்கொண்டு அதே கரைக்குப் போங்கள்.