தீவுக் கடலில் ஸ்கூபா டைவிங்: எதைச் சொந்தமாக வாங்குவது, எதை வாடகைக்கு எடுப்பது?

ஸ்கூபா டைவிங் கற்றுக்கொண்டு முதல் தீவுப் பயணத்துக்குக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். கடைக்குப் போய் எல்லாவற்றையும் வாங்கிக் குவிக்கிறார்கள். இல்லையென்றால் அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று வெறுங்கையோடு போகிறார்கள். இரண்டுமே எனக்கு உடன்பாடில்லை. முகத்தில் ஒட்டுவது, உடம்பில் சேரும் நைட்ரஜனுக்குக் கணக்கு வைப்பது, கடலில் மிதக்கும்போது நம்மைப் படகுக்குக் காட்டுவது ஆகிய மூன்றும் நம்முடையவையாக இருக்க வேண்டும். சிலிண்டர், மூழ்குவதற்காக இடுப்பில் கட்டும் ஈயக் கட்டி போன்ற கனமான பொருள்களை டைவ் சென்டர் பார்த்துக்கொள்ளட்டும். வெப்பமண்டலத் தீவுகளுக்குப் போகும்போது என் பையில் இடம்பிடிக்கும் பொருள்களை இந்த அளவுகோலை வைத்தே இங்கே மதிப்பிடுகிறேன்.

முதல் இடம் மாஸ்க்குக்கு. எனக்கு ஒடுங்கிய முகம். வாடகை மாஸ்க் எதைப் போட்டாலும் கன்னத்தோரம் தண்ணீர் கசியும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மூக்கால் காற்றை ஊதித் தண்ணீரை வெளியேற்றிக்கொண்டிருந்தால், பவளப்பாறையைப் பார்ப்பது எப்போது? காற்றும் வீணாகிறது, மனமும் பதறுகிறது. கேமராவுக்குத் தாராளமாகச் செலவழிக்கிறவர்கள் மாஸ்க்கை மட்டும் வாடகைக்கு எடுப்பதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

வாங்கும்போது பட்டையை மாட்டாமல் பாருங்கள். மாஸ்க்கை முகத்தில் வைத்து, நெற்றி முடியை ஒதுக்கிவிட்டு, மூக்கால் மெல்ல மூச்சை உள்ளே இழுத்து, கையை எடுத்துவிடுங்கள். மூச்சைப் பிடித்திருக்கும்வரை அது விழாமல் நிற்க வேண்டும். நின்றால், அடுத்ததாக ரெகுலேட்டரின் (சிலிண்டர் காற்றை மூச்சுக்குத் தரும் கருவி) வாய்ப்பகுதியைக் கடித்துக்கொண்டு அதே சோதனையைச் செய்யுங்கள். வாயில் ஒன்றைக் கவ்வும்போது மேலுதட்டின் வடிவம் மாறுகிறது. கடையில் கச்சிதமாக உட்கார்ந்த மாஸ்க் கடலில் கசிவதற்கு இது ஒரு முக்கியமான காரணம். மீசை வைத்திருப்பவர்கள் இந்த இரண்டாவது சோதனையைக் கட்டாயம் செய்ய வேண்டும்.

என்னுடையது இரண்டு கண்ணாடிகள் உள்ள, உள்ளே காற்றிடம் குறைவான, கறுப்பு சிலிக்கான் ஓரம் வைத்த மாஸ்க். காற்றிடம் குறைவு என்பதால் தண்ணீரை வெளியேற்ற ஒரே ஊதல் போதும். ஆழம் கூடக்கூட உள்ளழுத்தத்தைச் சமன்செய்ய மூக்கால் விட வேண்டிய காற்றும் குறைவு. கறுப்பு ஓரம் பக்கவாட்டு வெளிச்சத்தைத் தடுத்துப் பார்வையைக் கூர்மையாக்குகிறது. ஒளி ஊடுருவும் ஓரம் வைத்தது திறந்த வெளியில் இருப்பது போன்ற உணர்வைத் தரும். அடைத்த இடம் என்றால் அஞ்சுகிறவர்கள் அதையே வாங்கலாம். கண்ணாடி அணிபவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு: இரண்டு கண்ணாடிகள் உள்ள பல மாடல்களில் அரை டயாப்டர் இடைவெளியில் தயாராகக் கிடைக்கும் பவர் கண்ணாடிகளைப் பொருத்திக்கொள்ள முடிகிறது. தண்ணீருக்குள் பொருள்கள் உள்ளதைவிட மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரிவதால், லேசான கிட்டப்பார்வை உள்ளவர்கள் சாதாரணக் கண்ணாடியிலேயே சமாளித்துவிடுகிறார்கள். எனக்கு அது போதாது. கையில் கட்டும் டைவ் கம்ப்யூட்டரில் எண் தெளிவாகத் தெரிந்தால்தான் எனக்கு நிம்மதி.

புது மாஸ்க்கின் கண்ணாடியில் தயாரிப்பின்போது படிந்த மெல்லிய படலம் இருக்கும். அதை எடுக்காவிட்டால் என்ன தடவினாலும் பனிபடரும். துகள் கலந்த சாதாரணப் பற்பசையை விரல் நுனியில் எடுத்து, கண்ணாடியின் உட்புறம் வட்டமாக, அழுத்தி, மூலைமுடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவ வேண்டும். இதை ஒருமுறை செய்தால் போதாது. மறுபடி தேய்த்து, கழுவி, வாயால் ஊதிப் பாருங்கள். ஆவி படர்ந்த வேகத்தில் மறைந்தால் வேலை முடிந்தது. லைட்டரால் சுட்டு எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். சிலிக்கான் ஓரம் அருகிலேயே இருப்பதால் எனக்கு அதில் விருப்பமில்லை. உட்புறம் ஏற்கனவே பூச்சுப் பூசப்பட்ட மாடல் என்றால் பற்பசையே கூடாது, கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். அதன்பின் ஒவ்வொரு முறை இறங்கும்முன்னும் தண்ணீர் கலந்த குழந்தை ஷாம்பு ஒரு சொட்டு போதும்.

அடுத்தது டைவ் கம்ப்யூட்டர்: ஆழத்தையும் நேரத்தையும் வைத்து உடம்பில் சேரும் நைட்ரஜனைக் கணக்கிடும் கருவி. நான் கையில் கட்டுவது ஷியர்வாட்டர் பெரிக்ரின். 2.2 அங்குல வண்ணத்திரை, இரண்டே பொத்தான்கள். மங்கலான தண்ணீரிலும் எண்களை ஒரே பார்வையில் படித்துவிடலாம்; எச்சரிக்கை தர வேண்டிய நேரத்தில் அதிர்கிறது. நைட்ரஜனைக் கணக்கிடும் பூல்மன் முறையில் இயங்குகிறது. குறைவு, நடுத்தரம், அதிகம் என்று மூன்று பாதுகாப்பு அளவுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். நாள்தோறும் பலமுறை இறங்கும் பயணங்களில் நான் அதிகப் பாதுகாப்பைத்தான் வைத்துக்கொள்கிறேன். ஆழத்தில் சில நிமிடங்கள் குறைந்தால் குறையட்டும். நைட்ராக்ஸ் (ஆக்சிஜன் கூடுதலான காற்றுக் கலவை) பயன்படுத்துகிறவர்களுக்கும் இது பொருந்தும். 32 சதவீத ஆக்சிஜன் கலவைக்கு, ஆக்சிஜன் அழுத்தம் 1.4 பார் என்ற வரம்பில், இறங்கக்கூடிய ஆழம் சுமார் 33 மீட்டர்; கலவையை நீங்கள் பதிவுசெய்தால் கணக்கை அது வைத்துக்கொள்ளும். சிலிண்டரின் அழுத்தத்தை இந்த மாடல் காட்டாது. அதற்கு ரெகுலேட்டரோடு வரும் அழுத்தமானி இருக்கிறது, அதைப் பார்க்கும் பழக்கம் நல்லதுதான்.

சார்ஜ் செய்யக் கம்பி செருகும் துளை இதில் இல்லை, தட்டின் மேல் வைத்தால் போதும். உப்புத் தண்ணீர் புகும் வழி ஒன்று குறைகிறது. ஆனால் பேட்டரி உள்ளேயே அடைக்கப்பட்டது என்பதால், சார்ஜ் தட்டை மறந்துவிட்டுத் தீவில் போய் இறங்கினால் சிக்கல்தான். பயணத்துக்குக் கிளம்பும்முன் பையில் முதலில் போடுவது அந்தத் தட்டை.

இவ்வளவு வசதி எல்லோருக்கும் தேவையில்லை. நாணய பேட்டரி போட்ட எளிய கம்ப்யூட்டரும் அதே வேலையைச் செய்யும். கிளம்பும்முன் புது பேட்டரி போட்டு, கூடவே மாற்று பேட்டரி ஒன்றும் தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையம் (ஓ-ரிங்) ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள். வாடகைக் கம்ப்யூட்டர் ஏன் வேண்டாம் என்கிறேன்? நேற்று நீங்கள் கட்டிய கருவி இன்று வேறொருவர் கைக்குப் போகலாம். உங்கள் உடம்பில் தங்கியிருக்கும் நைட்ரஜனைப் பற்றிய நினைவும் அதோடு போய்விடும். புதிதாக வாங்கிய கருவியின் கையேட்டை வீட்டில் உட்கார்ந்து படித்துவிடுங்கள். அதைப் படகில் பிரிக்கக் கூடாது.

மூன்றாவது, மேற்பரப்பு மிதவை. எஸ்எம்பி என்பார்கள். உண்மையைச் சொன்னால், இந்தப் பட்டியலிலேயே விலை குறைந்ததும் அதிகம் அலட்சியப்படுத்தப்படுவதும் இதுதான். நீரோட்டம் இழுத்துப் போகும் கடலில், அலைகளுக்கு நடுவே ஒரு மனிதத் தலை படகோட்டிக்குத் தெரிவது மிகக் கடினம். ஆளுயர ஆரஞ்சு மிதவை தெரியும். அடிப்பக்கம் மூடிய, ஒருவழி வால்வு உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். அடிப்பக்கம் திறந்தது மேலே போய்ச் சாய்ந்தவுடன் காற்றைக் கொட்டிவிட்டுத் தொய்ந்து போகிறது. சுருட்டி வைத்தால் உள்ளங்கையில் அடங்கும். 30 மீட்டர் நூல் சுற்றிய சிறு உருளை போதும். பெரிய ரீல் தீவுப் பயணத்துக்கு வீண்சுமை.

இதை ஏவுவதற்குக் கை பழக வேண்டும். 10 மீட்டர் ஆழத்தில் அடைத்த காற்று மேற்பரப்புக்குப் போகும்போது இரு மடங்காக விரிகிறது, எனவே கீழே பாதி நிரப்பினாலே மேலே விறைத்து நிற்கும். தலைக்கு மேலே ஆளோ படகோ இல்லை என்று பார்த்து, உருளையை உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்து, கட்டைவிரலும் சுட்டுவிரலும் அச்சாக, நூல் எதிலும் சிக்கவில்லை என்று உறுதிசெய்துகொண்டு விட வேண்டும். நூல் பிசிடியின் (காற்றடைத்து மிதப்பைக் கட்டுப்படுத்தும் அங்கி) கொக்கியில் மாட்டிக்கொண்டால் மிதவை உங்களையும் மேலே இழுத்துவிடும். சிக்கினால் உருளையைக் கைவிடுங்கள், நூலோடு போராட வேண்டாம். பயணத்துக்கு முன் நீச்சல் குளத்தில் பயிற்றுநரோடு பழகிவிட்டால், மேலேறும் வழியில் 5 மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடப் பாதுகாப்பு நிறுத்தத்தின்போது கை தானாக வேலை செய்யும். மிதவையோடு ஒரு விசிலையும் கட்டிவிடுங்கள்.

வெட்சூட்டில் நான் நடுவழி. வெப்பமண்டலக் கடல் 28 டிகிரி இருந்தாலும் தண்ணீர் காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் வேகமாக உடம்பின் சூட்டை உறிஞ்சுகிறது; மூன்றாவது டைவில் பல் கிட்டும். 3 மில்லிமீட்டர் முழுநீள வெட்சூட் சரியான தேர்வு. உடல்வாகு சராசரியாக உள்ளவர்களுக்கு வாடகை உடையே பொருந்திவிடும். மிக ஒல்லியானவர்களும் பருத்தவர்களும் சொந்தமாக வாங்கிவிடுவது நல்லது, தளர்ந்த வெட்சூட்டுக்குள் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தால் அது இருந்தும் பயனில்லை. உள்ளே போட ஒரு முழுக்கை ரேஷ்கார்ட் (மெல்லிய நீச்சல் மேலாடை) எப்படியும் வேண்டும். படகில் அதுவே வெயிலுக்கும் கவசம். சன்ஸ்கிரீனைத் துணி மறைக்காத இடங்களில் மட்டும் பூசுங்கள். ஆக்சிபென்சோன், ஆக்டினாக்சேட் ஆகிய ரசாயனங்கள் இல்லாததாக வாங்குங்கள். பசிபிக் தீவு நாடான பலாவ் 2020 முதல் பவளத்துக்குத் தீங்கான சன்ஸ்கிரீன்களுக்குத் தடை விதித்தது. ஹவாயில் 2021 முதல் இந்த இரண்டும் கலந்தவற்றின் விற்பனைக்குத் தடை. நாம் பார்க்கப் போவதையே நாம் கெடுப்பது எந்த வகையிலும் நியாயமில்லை.

காலில் மாட்டும் துடுப்பு (ஃபின்): படகிலிருந்து குதிக்கும் டைவ் என்றால் ஷூவைப் போல் பாதத்தை முழுதும் மூடும் வகை போதும், எடையும் குறைவு. பாறைக் கரையில் நடந்து இறங்க வேண்டியிருந்தால் பூட்ஸோடு போடும் வகை. இடம் இல்லையென்றால் வாடகைக்கு எடுப்பதில் தவறில்லை.

பிசிடியும் ரெகுலேட்டரும் என் பையில் இல்லை. சொந்த ரெகுலேட்டர் வைத்திருப்பவர்கள் சர்வீஸ் தேதியைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். சிலிண்டரில் திருகி மாட்டும் டின் வகை என்றால், கவ்விப் பிடிக்கும் யோக் வால்வுக்கு மாற்றும் அடாப்டரைக் கொண்டுபோங்கள். ஈயக் கட்டி பற்றி ஒரு குறிப்பு. தீவுகளில் பெரும்பாலும் 11 லிட்டர் அலுமினிய சிலிண்டர்தான். காற்று தீரத் தீர அது மிதக்கத் தொடங்கும். இரும்பு சிலிண்டரில் பழகியவர்கள் சுமார் 2 கிலோ கூடுதல் எடை கேட்க வேண்டியிருக்கும். முதல் டைவுக்கு முன்பே ஆழமில்லாத இடத்தில் மிதப்பைச் சோதித்துவிடுங்கள்.

இவை எல்லாவற்றையும் போடும் பை? சக்கரம் வைத்த டைவ் பை ஒன்றைப் பயன்படுத்தியிருக்கிறேன். கண்ணுக்கு அழகு; காலியாகவே கிலோக்கணக்கில் எடை; மணலில் சக்கரம் உருளாது; உலோக ஜிப் உப்பேறி இறுகிக்கொண்டது. இப்போது வலைத்துணிப் பைதான். தோளில் மாட்டலாம், பருத்த பிளாஸ்டிக் ஜிப், அடியில் தண்ணீர் வடியும், அப்படியே நன்னீர்த் தொட்டியில் முக்கி எடுத்து நிழலில் தொங்கவிடலாம். அதைச் சுருட்டி ஒரு சாதாரணப் பெட்டிக்குள் வைத்துவிட்டால் விமானப் பயணமும் முடிந்தது. தீவுகளுக்கு இடையே பறக்கும் சிறு விமானங்களில் எடை வரம்பு கடுமையாக இருக்கும், டிக்கெட் எடுக்கும்போதே பார்த்துவிடுங்கள்.

மாஸ்க்கும் கம்ப்யூட்டரும் கைப்பையில்தான் வர வேண்டும். பெட்டி தொலைந்தாலும் மறுநாள் டைவ் நின்றுபோகாது. பவர் பேங்கும் உதிரி லித்தியம் பேட்டரிகளும் கைப்பையில் மட்டுமே அனுமதி. 100 வாட்-ஹவருக்கு மேல் என்றால் விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும்.

பொருள்களைவிட முன்னதாகத் தயாராக வேண்டியது உடம்பு. டைவ் சென்டர் தரும் மருத்துவப் படிவத்தை ஊரிலேயே நிரப்பிப் பாருங்கள். சில கேள்விகளுக்கு 'ஆம்' என்று எழுதினால் மருத்துவர் கையெழுத்து இல்லாமல் இறங்க விடமாட்டார்கள். தீவில் மருத்துவரைத் தேடி அலைவதில் விடுமுறை போய்விடும். படகு ஒவ்வாதவர்கள் வாந்தி மாத்திரையைக் கரையில் ஒருநாள் போட்டுப் பார்த்து, தூக்கம் வருகிறதா என்று தெரிந்துகொள்ளுங்கள். சளி பிடித்திருந்தால் மூக்கடைப்பு மாத்திரையை நம்பி இறங்காதீர்கள், அடியில் இருக்கும்போது மருந்தின் வேகம் தணிந்தால் ஏறி வருகையில் காற்று காதிலோ சைனஸிலோ அடைபடும். அழுத்த அறைச் சிகிச்சையையும் அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் செலவையும் ஏற்கும் டைவ் காப்பீடு இல்லாமல் நான் கிளம்புவதில்லை.

திரும்பும் விமானத்தை வைத்துக் கடைசி டைவைத் தீர்மானியுங்கள். டைவிங் பாதுகாப்பு அமைப்பான டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க்கின் பரிந்துரைப்படி, பல நாள் தொடர்ந்து இறங்கியவர்கள் கடைசி டைவுக்குப் பின் குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும். நான் முழு நாளையே ஒதுக்கிவிடுகிறேன். வெட்சூட் காய்வதற்கும் அந்த நாள் வேண்டும். ஈரத்தோடு மடித்தால் பெட்டியின் எடை எகிறும். ரெகுலேட்டரைக் கழுவுகிறவர்கள் சிலிண்டரில் மாட்டும் பகுதியான முதல் நிலையின் மூடியைத் துடைத்து இறுக்கிய பிறகே தண்ணீரில் போடுங்கள். டைவ் டார்ச்சின் பேட்டரியைக் கழற்றி, முனைகளில் டேப் ஒட்டிக் கைப்பையில் வையுங்கள். தவறி எரிந்தால் அந்த விளக்குகள் பெட்டிக்குள் நெருப்பு வைக்கும் அளவுக்குச் சூடேறக்கூடியவை.