வீவக வீட்டுக்கு நாயா, பூனையா?
சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கட்டும் அரசு அடுக்குமாடி வீட்டில் பூனை வளர்க்க 2024 செப்டம்பரில்தான் அனுமதி வந்தது. அப்போதிருந்து பலருக்கும் இந்தக் குழப்பம்.

எண்ணிக்கை: நாய் ஒன்றுதான். பூனை இரண்டு வரை.

இனம்: நாய்க்கு அங்கீகரித்த பட்டியல் உண்டு, பெரும்பாலும் சிறிய இனங்கள். லாப்ரடார் ஆசையை மூட்டை கட்டி வையுங்கள். சாதாரண வீட்டுப் பூனைக்கு அந்தத் தொல்லை இல்லை.

உரிமம்: இரண்டுக்கும் வேண்டும், மைக்ரோசிப்பும்தான். கருத்தடை செய்த நாய்க்கு ஆண்டுக்கு 15 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), செய்யாவிட்டால் 90.

சிரமம்: நாயை வாரில் பிடித்து நடத்தி, கழிவையும் அள்ள வேண்டும். பூனைக்கு நடை வேண்டாம். ஆனால் சன்னலுக்கெல்லாம் வலை அடிக்க வேண்டும், பத்தாவது மாடியில் அது சும்மா சம்பிரதாயம் அல்ல.

பகல் முழுக்க வேலைக்குப் போகிறவர்களுக்குப் பூனைதான் சரி. தினமும் நடக்க ஆள் இருந்தால் நாய். குரைப்பை மட்டும் முதலிலேயே பழக்கிவிடுங்கள், சுவருக்கு அந்தப் பக்கமும் ஆள் தூங்குகிறார்.